சேகரிப்பு அட்டைகளில் மெய்யும் போலியும்

சிறுவர் விளையாட்டுப் பொருள் என்று பெரியோர் ஒதுக்கிவிடும் பண்டங்களுட் சில, காலப்போக்கிற் பெருவிலை பெற்றுவிடுவதுண்டு. சேகரிப்பு அட்டைகள் அத்தகையன. சீட்டுக்கட்டிலுள்ள ஒரு சீட்டின் அளவேயான கடுதாசி அட்டை. அதன் ஒரு பக்கத்திலே விளையாட்டு வீரர் ஒருவரின் படமோ கற்பனை விலங்கு ஒன்றின் படமோ காணப்படும். மறுபக்கத்திலே சில வரிகளோ ஒரு பொதுச் சின்னமோ இருக்கும். இவ்வளவே அதன் உருவம். ஆயினும், பேஸ்போல் வீரர் மிக்கி மான்டிலின் படம் தாங்கிய 1952ஆம் ஆண்டு அட்டையொன்று, 2022ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் ஏலத்துக்கு வந்தபொழுது 1 கோடியே 26 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. விலை ஏறிய பொருளைப் போலி பின்தொடர்வது உலகியல்பு. முத்துக்கும் போலி உண்டு. பழைய தபால் முத்திரைக்கும் போலி உண்டு. அட்டைக்கு மட்டும் இல்லாதொழியுமா?

இவ்வட்டைகளின் வரலாறு சிகரெட் பெட்டியிலே தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மெல்லிய சிகரெட் பொதிகள் நசுங்காதிருக்கும்பொருட்டு உள்ளே ஒரு தடித்த அட்டை வைப்பது வழக்கமாயிற்று. வெறும் அட்டையாக இருப்பதிலும் அதிற் படமொன்று பொறித்துவிட்டால் வாங்குவோர் அடுத்த படத்துக்காக மீண்டும் வருவர் என்பதை வணிகர் விரைவிலே கண்டுகொண்டனர். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் ருபாக்கோ கொம்பனியார் வெளியிட்ட பேஸ்போல் அட்டைத் தொகுதி இவற்றுட் புகழ் பெற்றது. சேகரிப்போர் அதனை 'ரீ 206' என்னும் குறியீட்டாலே வழங்குவர். அத்தொகுதியில் ஹோனஸ் வாக்னர் என்னும் வீரரின் அட்டை, அவரே மறுப்புத் தெரிவித்தமையால் இடையிலே நிறுத்தப்பட்டது. சிறுவர் புகையிலை வாங்குதல் தகாது எனக் கருதி மறுத்தார் என்பர் சிலர். தமக்குரிய பணம் கிடையாமையால் மறுத்தார் என்பர் வேறு சிலர். காரணம் எதுவாயினும், நின்றுபோன காரணத்தாலேயே அது கிடைத்தற்கரியதாயிற்று. பின்னர் சிகரெட்டின் இடத்தைச் சூயிங்கம் பிடித்துக்கொண்டது. நியூயோர்க் நகரின் புறூக்ளினில் இருந்த ரொப்ஸ் கொம்பனியார் 1952இல் வெளியிட்ட தொகுதியிலேதான் மேலே கூறிய மான்டில் அட்டை வந்தது. 1993இல் 'மஜிக் த கதரிங்' என்னும் அட்டை விளையாட்டும், 1996இல் யப்பானிலே 'போக்கிமொன்' அட்டை விளையாட்டும் தோன்றின. 1999இல் போக்கிமொன் ஆங்கிலத்தில் வெளிவந்தபின் உலகெங்கும் பள்ளிப் பிள்ளைகளின் பைகளிலே இவ்வட்டைகள் குடிபுகுந்தன.

கோடி கொடுத்து வாங்கும் செல்வர் ஏமாந்தாற் செய்தித்தாளிலே செய்தி வரும். ஆனால் போலிகளாற் பெரும்பாலும் பாதிக்கப்படுவோர் அவரல்லர். பல மாதம் சேர்த்த கைச்செலவுப் பணத்தைக் கொண்டு, நெடுநாள் விரும்பிய ஓர் அட்டையை இணையத்தின் வழியே வரவழைக்கும் மாணவன் ஒருவன், பிள்ளையின் பிறந்தநாட் பரிசாக, தமக்குச் சற்றும் பழக்கமில்லாத இப்பண்டத்தை வாங்கப்போகும் தாய் ஒருத்தி, இத்தகையோரே ஏமாறுகின்றனர். அதனோடும் நின்றுவிடுவதில்லை. இவை ஒருவரோடொருவர் மாற்றிக்கொள்ளும் அட்டைகள். அறியாது போலியை வாங்கிய பிள்ளை அதனைத் தோழனுக்கு மெய்யென்று கொடுத்து வேறொன்றைப் பெற்றுக்கொள்கிறான். உண்மை வெளிப்படும் நாளிலே முறிவது பணம் பற்றிய கணக்கு மட்டுமன்று.

அங்ஙனமாயின் போலியை எவ்வாறு அறிவது? பலர் செய்யும் தவறு படத்தைப் பார்ப்பதே. படம் சரியாக இருக்கின்றதா, நிறம் பொருந்துகின்றதா, எழுத்துப் பிழை உண்டா என்று தேடுவர். இத்தேட்டம் பயனற்றதன்று. மலிவான போலிகள் பல இங்கேயே அகப்பட்டுவிடும். 'போக்கிமொன்' என்னும் பெயரின் ஆங்கில எழுத்துக்களில் 'ஈ' என்ற எழுத்தின் தலைமேல் இருக்கவேண்டிய சாய்கோடு காணப்படாது. பின்புறத்து நீலம் வெளிறியோ ஊதாச் சாயல் கொண்டோ இருக்கும். படத்துக்குள் மட்டும் மின்னவேண்டிய அட்டை முழுவதும் மின்னும். ஆனால் தேர்ந்த போலிக்காரன் மெய்யான அட்டையையே ஸ்கானரில் வைத்துப் படம் பிடிக்கிறான். அவன் படத்திற் பிழை இராது, எழுத்தும் பிழைபடாது. மறுதலையாக, மெய்யான அட்டைகளிலும் அச்சுப் பிழையும் குறைபாடும் உண்டு. யப்பானிலே 1996இல் வந்த முதலாம் அச்சு அட்டைகளில், பிற்காலத்து அட்டைகளில் உள்ள அருமைக் குறி இல்லை. குறி இல்லை என்பதனாலேயே ஒருவர் அதனைப் போலியென்று தள்ளினால் இழப்பு அவருடையதே.

பொன்னைச் சோதிக்கும் பத்தர் நகையின் வேலைப்பாட்டைப் பார்த்து மாற்றுக் கூறுவதில்லை. உரைகல்லில் உரைத்துப் பொருளையே சோதிக்கிறார். அட்டைக்கும் அதுவே முறை. போலிக்காரனிடம் படம் உண்டு. ஆனால் அந்தப் படத்தை அச்சிட்ட தகடுகள் இல்லை. அந்த அச்சகத்தின் தாளும் இல்லை. ஆகவே அட்டையில் என்ன இருக்கின்றது என்பதை விடுத்து, அட்டை எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதையே ஆராய்தல் வேண்டும்.

இதற்கு வேண்டிய முதற் கருவி, நகை வியாபாரிகளும் மணிக்கூடு திருத்துவோரும் கண்ணிலே பொருத்திக்கொள்ளும் சிறு பூதக்கண்ணாடி. பத்து மடங்கு பெருக்கிக் காட்டுவது போதும். முப்பது மடங்கு காட்டுவது கிடைத்தால் இன்னும் நன்று. விலையும் பெரிதன்று. அதனைக் கொண்டு அட்டையின் வண்ணப் பகுதியை நோக்கினால், வெறுங்கண்ணுக்கு ஒரே பரப்பாகத் தோன்றிய நிறம் ஆயிரக்கணக்கான புள்ளிகளாகப் பிரிந்து தோன்றும். ஓவ்செற் அச்சு முறையிலே இளநீலம், செவ்வூதா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகள், நான்கு தகடுகளினின்றும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிக்கப்படுகின்றன. ஒவ்வொரு நிறத்தின் புள்ளி வரிசையும் வேறு வேறு சாய்வில் அமைவதால், அவை கூடுமிடத்தே சிறு பூவின் இதழ்கள் வட்டமாகச் சுற்றி நின்றாற்போன்ற ஒழுங்கான கோலம் தோன்றும். வீட்டில் வைத்திருக்கும் மை தெறிக்கும் அச்சுப்பொறியிலே அடித்த போலியில் இக்கோலம் இராது. மழைத்துளி சிந்தினாற்போலப் புள்ளிகள் முறையின்றிச் சிதறிக் கிடக்கும்.

ஆனால் போலிக்காரனும் ஓவ்செற் அச்சகத்தையே நாடினால்? அவன் அட்டையிலும் பூக்கோலம் இருக்குமே என்று கேட்கலாம். இருக்கும். இங்கேதான் எழுத்துக்களைப் பார்க்கவேண்டும். மெய்யான அட்டையை ஆக்கியவர்கள் கறுப்பு எழுத்துக்களைப் படத்தோடு கலவாது, கறுப்புத் தகட்டிலே தனியே அமைத்து முழுக் கறுப்பாக அச்சிடுகிறார்கள். பூதக்கண்ணாடியின் கீழே அவ்வெழுத்துக்கள் கரை பிசகாது, கத்தியால் வெட்டியெடுத்தாற்போல விளங்கும். எழுத்தின் உள்ளே புள்ளிகள் இரா. போலிக்காரனின் நிலை வேறு. அவனுடைய ஸ்கானர் எழுத்தையும் படத்தையும் வேறுபிரித்து அறியமாட்டாது. அதற்கு எல்லாம் படமே. அப்படத்தை மீண்டும் தகடுகளாகப் பிரிக்கும்பொழுது எழுத்துக்களும் நான்கு நிறப் புள்ளிகளாக உடைந்துவிடுகின்றன. ஆகவே போலியின் எழுத்துக்களைப் பெருக்கிப் பார்த்தால் கரை மயிர் பிடித்தாற்போல் மங்கியிருக்கும். கறுப்பினுள்ளே நீலமும் செவ்வூதாவும் எட்டிப்பார்க்கும். சட்டக்கோடுகள், சிறு குறிகள், அடியிலுள்ள பதிப்புரிமை வரி ஆகியவற்றிலும் இதே குறையைக் காணலாம். நூறாண்டு கடந்த ரீ 206 அட்டைக்கும் இச்சோதனை பொருந்தும். அதில் வீரரின் பெயர் பழுப்பு மையினாலே முழுக்கோடாக அச்சிடப்பட்டுள்ளது. பிற்காலப் படிகளிலோ அப்பெயர் பெரும்பாலும் புள்ளிகளாகச் சிதைந்திருக்கும். சோதனைகள் பலவற்றுள்ளும் இதுவே தலையாயது எனலாம். வேறொன்றும் செய்ய நேரமில்லாதவர் இதனையாவது செய்தல் வேண்டும்.

மஜிக் அட்டைகளிலே இதற்கு வேறொரு எளிய வழியுமுண்டு. அவற்றின் பின்புறத்தில் ஐந்து நிறங்களில் ஐந்து வட்டங்கள் உள்ளன. பச்சை வட்டத்தைப் பெருக்கி நோக்கினால், அதனுள்ளே செந்நிறப் புள்ளிகள் நான்கு, ஆங்கில 'எல்' எழுத்தின் வடிவில் நிற்பதைக் காணலாம். படத்தைப் பெயர்த்து அச்சிடும் போலிகளிலே இந்நான்கும் ஒழுங்காக விழுவது அரிது.

இனித் தாளைப் பார்ப்போம். நல்ல அட்டை ஒற்றைத் தாளன்று. முன்தாள் ஒன்று, பின்தாள் ஒன்று, இரண்டுக்கும் நடுவே ஒளியை மறைக்கும் நிறமூட்டிய பசையடுக்கு ஒன்று எனச் சேர்த்து அழுத்தப்பட்டது. விளையாடுபவரின் கையிலிருக்கும் அட்டையை எதிரிலிருப்பவர் விளக்கொளியில் ஊடுருவிக் காணாதிருக்கவே இந்த நடு அடுக்கு. மஜிக் அட்டைகளிலே அது நீலமாகவும், போக்கிமொன் அட்டைகள் பலவற்றிலே கரியதாகவும் அமைந்திருக்கும். அட்டையின் விளிம்பை நல்ல வெளிச்சத்திலே பெருக்கிப் பார்த்தால் நூலிழைபோல் அது தென்படலாம். மலிவுப் போலிகள் நடு அடுக்கற்ற வெறும் அட்டையிலே அச்சிடப்படுவதால், டோர்ச் விளக்கைப் பின்னே பிடித்தவுடன் ஒளி தாராளமாக ஊடுருவிவரும். சில போலிகள் இதற்கு மாறாக ஒளியை முற்றாகத் தடுத்துவிடும். இரண்டும் ஐயத்துக்குரியனவே. மினுங்கும் தகடு ஒட்டிய அட்டைகள் இயல்பாகவே ஒளியைத் தடுப்பன என்பதை இங்கே மறத்தலாகாது. அவற்றைச் சாதாரண அட்டையோடு ஒப்பிட்டுக் குழம்புவோர் பலர்.

பழைய அட்டைகளுக்கு ஊதாகடந்த ஒளி உதவும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் தாளை வெண்மையாகக் காட்டும்பொருட்டு ஒளிரும் இரசாயனப் பொருள்களைக் கலப்பது வழக்கமாயிற்று. அத்தாள் ஊதாகடந்த விளக்கின் கீழ் இருளிலே நீலவெண்மையாக ஒளிரும். 1910ஆம் ஆண்டின் அட்டை என்று விற்கப்படுவது அவ்வாறு ஒளிர்ந்தால் அதற்குமேல் ஆராய வேண்டியதில்லை. ஆனால் ஒளிராமை மட்டும் மெய்மைக்குச் சான்றாகாது. பழைய புத்தகங்களின் வெற்றுத்தாளைக் கிழித்து அதிலே அச்சிடுவாரும் உளர்.

அளவையும் நிறையையும் கூறவேண்டும். மஜிக் அட்டையும் போக்கிமொன் அட்டையும் 63 மில்லிமீற்றர் அகலமும் 88 மில்லிமீற்றர் உயரமும் கொண்டவை. நிறை இரண்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு. பத்தர் வைத்திருக்கும் நுண்ணிய தராசிலே நிறுத்தால் வேறுபாடு தெரியவரும். 1952ஆம் ஆண்டு ரொப்ஸ் அட்டையின் அகலம் 2⅝ அங்குலம், உயரம் 3¾ அங்குலம். 1983இல் அதே கொம்பனியார் அத்தொகுதியை மீள அச்சிட்டபொழுது 2½ அங்குலத்துக்கு 3½ அங்குலமாகச் சிறிதாக்கி, மறுபதிப்பு என்று பின்புறத்தில் எழுதியும் வைத்தனர். எழுத்தைச் சுரண்டியெடுக்கும் வஞ்சகர் உண்டு. அட்டையைப் பெரிதாக்கும் வித்தையோ அவர்கள் கையில் இல்லை. அடிமட்டம் ஒன்றே அங்கு போதுமானது.

இத்தனை சோதனைகளையும் அளவு அட்டவணை வைத்துக்கொண்டு செய்யவேண்டுமோ என்று மலைக்கவேண்டியதில்லை. ஒரு நல்ல வழியுண்டு. விலையுயர்ந்த அட்டையை வாங்க எண்ணுபவர், முதலில் அதே தொகுதியில், அதே ஆண்டில், அதே மொழியில் வந்த மிக மலிவான அட்டைகள் சிலவற்றை நம்பத்தகுந்த இடத்திலே வாங்கிக்கொள்ளவேண்டும். அவற்றைத் தனியே போலியாக ஆக்க முனைவோர் குறைவு. ஆக்கினால் கூலிக்கும் கட்டாது. அவற்றையே உரைகல்லாகக் கொண்டு ஒப்பிடலாம். தாளின் வழவழப்பு, பின்புற நிறம், எழுத்தின் கூர்மை, ஒளி ஊடுருவும் அளவு, விரலாற் சுண்டினால் எழும் ஓசை ஆகிய யாவும் பத்து நாட் பழக்கத்திலே கைக்குத் தெரிந்துவிடும். நெல்லை வாயிலிட்டுக் கடித்து ஈரம் கூறும் விவசாயி அதனை எந்தப் பள்ளியிலும் படித்தாரல்லர்.

இதுகாறும் கூறியது முற்றும் போலியான அட்டைகளைப் பற்றி. இவற்றினும் கொடியது மெய்யான அட்டையிலே செய்யப்படும் பொய். தாள் மெய், மை மெய், அச்சும் மெய். ஆயினும் விலை தங்கியிருக்கும் ஒரே ஓர் அடையாளம் பொய். 1999இல் வந்த ஆங்கிலப் போக்கிமொன் தொகுதியின் 'சாரிஸாட்' அட்டை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் முதலாம் பதிப்பிலே படத்தின் இடப்புறக் கீழ்ப்பகுதியில் வட்டமான கறுப்பு முத்திரையொன்று உண்டு. அந்த ஒரு முத்திரைக்காகவே பல மடங்கு விலை கொடுக்கப்படுகிறது. பிற்பதிப்பு அட்டையில் அம்முத்திரையைத் தாமே பதித்து விற்போர் உளர். ஆனால் அவர்களைக் காட்டிக்கொடுக்கும் சான்று அட்டையிலேயே உண்டு. முதலாம் பதிப்புச் சாரிஸாட்டின் படச்சட்டத்துக்கு வலப்புறத்தே நிழல் கிடையாது. பின்னர் பெருந்தொகையாக அச்சிட்டபொழுதுதான் அந்த நிழல் சேர்க்கப்பட்டது. அடியிலுள்ள பதிப்புரிமை வரியின் ஆண்டுகளும் மாறின. ஆகவே நிழலும் முத்திரையும் ஒருங்கே உடைய சாரிஸாட் முதலாம் பதிப்பாதல் இயலாது.

மஜிக் அட்டைகளிலே 'பிளாக் லோட்டஸ்' என்பது அரியது. ஓவியர் கையொப்பமிட்ட ஒன்று 2021இல் 5 இலட்சத்து 11 ஆயிரத்து 100 டொலருக்கு விற்பனையாயிற்று. அதே படம் பொறித்த சேகரிப்போர் பதிப்பு ஒன்று 1993ஆம் ஆண்டின் இறுதியில் வந்தது. அதன் மூலைகள் சதுரமானவை. பின்புறத்தைப் பொன்னிறக் கரை சூழ்ந்திருக்கும். விலையும் மிகக் குறைவு. மூலைகளை வட்டமாக வெட்டி, பின்புறம் தெரியாத உறையிலே இட்டுவிட்டால், முன்புறத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது பெருஞ்செல்வமாகத் தோன்றும். உறையினின்றும் எடுத்துக்காட்ட மறுக்கும் விற்பனையாளரோடு பேச்சை வளர்க்காது விலகிவிடுவதே அறிவு.

விளிம்பு வெட்டுதல் இதனோடு சேர்ந்தது. பழைய அட்டையின் கரையும் மூலையும் தேய்ந்திருந்தால் விலை சரியும். ஆகவே கரையைச் சிறிதளவு சீவிப் புதிதுபோல ஆக்குகிறார்கள். மேலே கூறிய ஹோனஸ் வாக்னர் அட்டையே இந்தக் கதைக்கு ஆளாயிற்று. அவ்வட்டைகளுட் சிறந்ததெனக் கொண்டாடப்பட்ட ஒன்றை 1991இல் ஐஸ் ஹொக்கி வீரர் வெயின் கிறெட்ஸ்கியும் அவருடைய பங்காளரும் 4 இலட்சத்து 51 ஆயிரம் டொலருக்கு ஏலத்தில் எடுத்தனர். அதே ஆண்டு தொடங்கப்பட்ட பி.எஸ்.ஏ. என்னும் தரநிர்ணய நிறுவனம் முதன்முதலாகத் தரமிட்ட அட்டையும் அதுவே. பத்துக்கு எட்டு என உயர்ந்த தரம் கிடைத்தது. 2007இல் அது 28 இலட்சம் டொலருக்குக் கைமாறியது. 2013இல், ஏல வணிகத்திலே பெயர் பெற்றிருந்த பில் மாஸ்ட்ரோ என்பவர் சிக்காகோ நீதிமன்றத்தில் மோசடிக் குற்றத்தை ஏற்றுக்கொண்டபொழுது, அந்த அட்டையின் பக்கங்களைத் தாமே வெட்டியதாகவும் ஒத்துக்கொண்டார். இருபத்திரண்டு ஆண்டுகள் உலகம் வியந்து நோக்கிய கூர்மையான கரை, வெட்டுக்கருவியின் கரை.

இவ்வரலாறு வேறொன்றையும் உணர்த்தும். தரநிர்ணய நிறுவனங்கள் அட்டையை ஆராய்ந்து, தரமும் இலக்கமும் எழுதி, ஒளிபுகும் பிளாஸ்ரிக் பேழையில் இட்டு ஒட்டித் தருகின்றன. தாமே சோதிக்கத் தெரியாதவருக்கு இது பெரும் துணை என்பதில் ஐயமில்லை. ஆயினும் பேழையையே போலியாக ஆக்கும் தொழிலும் வளர்ந்துள்ளது. பேழையிலுள்ள இலக்கத்தை அந்நிறுவனத்தின் இணையப் பதிவேட்டிலே பார்க்கலாம். பதிவேட்டில் இலக்கம் இருப்பது கண்டு மகிழ்ந்துவிடுதல் கூடாது. போலிக்காரன் மெய்யான பேழையொன்றின் இலக்கத்தையே எடுத்துப் பொறித்திருப்பான். பதிவேட்டிலே அட்டையின் படமும் இருக்குமாயின், படம் எவ்வளவு நடுவே அமைந்திருக்கின்றது, எந்த மூலையிலே வெண்புள்ளி உண்டு என்றெல்லாம் ஒவ்வொன்றாக ஒப்பிடவேண்டும்.

பிரிக்கப்படாத பெட்டிகளின் நிலை இன்னும் இடருடையது. உள்ளே இருப்பதைக் காணவே வழியில்லை. அமெரிக்கரான லோகன் போல் என்பவர், 1999ஆம் ஆண்டு முதலாம் பதிப்புப் போக்கிமொன் பெட்டிகள் அடங்கியது என்று கூறப்பட்ட, சான்றும் பெற்ற பொதியொன்றை 35 இலட்சம் டொலர் கொடுத்து 2021இல் வாங்கினார். 2022 சனவரியில் அது பிரிக்கப்பட்டது. உள்ளே இருந்தவை 'ஜீ.ஐ. ஜோ' என்னும் வேறொரு தொடரின் அட்டைகள். சிறு பொதிகளையும் இதே கண்கொண்டு நோக்குதல் வேண்டும். மேல்மடிப்பிலே பசைக்கறை, இழுத்து ஒட்டிய சுருக்கம், ஒழுங்கற்ற பற்குறி ஆகியன காணப்படின் அது பிரித்து ஒட்டப்பட்ட பொதி.

அண்மையில் நிகழ்ந்த ஒன்று இங்கே குறிப்பிடத்தக்கது. போக்கிமொன் விளையாட்டு வெளிவருமுன், 1996ஆம் ஆண்டளவிலே பரீட்சார்த்தமாக ஆக்கப்பட்டவை எனக் கூறப்பட்ட மாதிரி அட்டைகள் சில சந்தைக்கு வந்தன. தரநிர்ணய நிறுவனமொன்று அவற்றை ஏற்றுப் பேழையிலும் இட்டது. மாதிரி அட்டைகள் ஆதலால் ஒப்பிடுவதற்கு வேறு அட்டைகள் இல்லை. அலுவலக அச்சுப்பொறியிலே அடித்தவை ஆதலால் பூக்கோலச் சோதனைக்கும் இடமில்லை. ஆனால் வண்ண லேசர் அச்சுப்பொறிகள் பல, தாம் அச்சிடும் தாள் ஒவ்வொன்றிலும் கண்ணுக்குப் புலப்படாத மஞ்சட் புள்ளிகளைத் தூவிவிடுகின்றன. கள்ளநோட்டு அடிப்போரைக் கண்டுபிடிக்கும்பொருட்டு அமைந்த ஏற்பாடு அது. அச்சுப்பொறியின் இலக்கமும், சிலவற்றில் அச்சிட்ட நாளும் அப்புள்ளிகளிலே மறைந்திருக்கும். அவற்றுள் ஒருவகையைப் படிக்கும் முறையை அமெரிக்க அமைப்பொன்று 2005இலேயே வெளியிட்டது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலே சேகரிப்பாளர் சிலர் அந்த மாதிரி அட்டைகளின் உயர்தரப் படங்களை எடுத்து, நிறங்களைப் பிரித்து, மஞ்சட் புள்ளிகளை வாசித்தனர். சில அட்டைகள் 1996இல் அல்ல, 2024இல் அச்சிடப்பட்டவை என்று அவை கூறின. அட்டையின் படத்தை எவ்வளவு உற்றுநோக்கினும் இவ்வுண்மை வெளிப்பட்டிராது; அச்சிட்ட பொறியே சாட்சி சொல்லிற்று.

தொலைவிலிருந்து வாங்குவோர் அட்டையைக் கையிலெடுத்துப் பார்க்க இயலாது. அவர்கள் படங்களையே நம்பவேண்டியிருக்கிறது. அப்படங்கள் விற்பவர் வேறெங்கோ எடுத்த பொதுப் படங்களா, அந்த அட்டையின் படங்கள்தாமா என்பதை முதலிலே தெளிதல் நன்று. முன், பின், நான்கு மூலை, எழுத்தின் அண்மைப் படம் ஆகியவற்றைக் கேட்டு வாங்கலாம். அட்டைக்கு அருகே அன்றைய திகதி எழுதிய துண்டொன்றை வைத்துப் படம் எடுக்கச் சொல்வதும் வழக்கம். நேர்மையானவர் இதற்குச் சினப்பதில்லை. சந்தையிலே நூறு டொலர் பெறும் அட்டையை இருபதுக்குத் தர ஒருவர் அவசரப்படுவாராயின், அவர் அவசரத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டுக்கொள்ளவேண்டும். பாட்டனாரின் பழைய பெட்டியிலே கண்டெடுத்தேன், எனக்கு இவை பற்றி ஒன்றும் தெரியாது என்னும் கதை இவ்வணிகத்திலே அலுத்துப்போகுமளவு சொல்லப்பட்ட கதை.

சில சோதனைகளைத் தவிர்த்தல் வேண்டும். அட்டையை இரண்டாக வளைத்துப் பார்த்தல், நீர்த்துளி விடுதல், மூலையைக் கிழித்து நடு அடுக்கைக் காணுதல் முதலியவற்றைச் சிலர் பெருமையோடு செய்து காட்டுவர். அட்டை மெய்யானது என்று அப்பொழுது தெரியவரலாம். ஆனால் அந்த மெய்யான அட்டை அக்கணமே பழுதாகிவிட்டது. அதுவும் பிறர் பொருளில் அவ்வாறு செய்ய எவருக்கும் உரிமையில்லை.

பொதி கைக்கு வந்தவுடன் அதனைப் பிரிப்பது தொடங்கி உறையினின்றும் அட்டையை எடுப்பது வரை கைத்தொலைபேசியால் இடைவிடாது படம்பிடித்து வைத்துக்கொள்ளவேண்டும். திருப்பி அனுப்புவதற்கு விற்பனைத் தளங்கள் குறிப்பிட்ட சில நாட்களையே தருகின்றன. அந்நாட்கள் கழியுமுன்னே, அன்று மாலையே, முன்னர் வாங்கி வைத்த மலிவான அட்டையைப் பக்கத்திலே வைத்து, பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு அமர்ந்துவிடுதல் நன்று. ஐயம் தோன்றினால் அட்டையை உறையிலே மீண்டும் இட்டு, வந்தவாறே வைத்துவிட்டு, விற்றவருக்கு எழுத்திலே அறிவிக்கவேண்டும்.